குளித்து வந்த முழங்காலை நம்ப மறுத்தவருக்கு

கல்வராயன் மலையடிவாரத்து அறக்கட்டளை மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி, இந்தச் சித்திரை மாலையில் பணி நிறைவு பெறும் திருமதி செந்தமிழ்ச்செல்வி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்.

முழங்கால் முடங்குமுன்னே அதன் முறையீட்டைக் கேட்டவரே, மலையேறி வந்து மருத்துவம் சொன்ன மாண்பே, வரப்பில் குந்தி வலியை அளந்த வல்லமையே, வணக்கம்.

அடைமொழிகளை இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். முதல் வரைவில் கருணைக் கடலும் கலங்கரை விளக்கமும் இருந்தன. வாசித்துக் காட்டியபோது செவிலியர் கலையரசி அக்கா, "இதக் கேட்டா அந்தம்மா மேடையிலேர்ந்தே எழுந்து போயிடுவாங்கடி" என்றார். கடலும் விளக்கும் அத்தோடு போயின. இதை எழுதும் பொறுப்பு உங்கள் பிரிவில் கருவிப் பதிவுகளைப் பார்க்கும் ஷாலினியாகிய என்னிடம் வந்தது. மாலை வகுப்புக்குப் போகிறேன், நடந்ததை அன்றன்று எழுதிவைக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை என்பதால், இதில் உள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அங்கே இருந்த இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன். பிழை இருந்தால் என்னுடையது. துணிவு இருந்தால் எல்லோருடையது.

தொடங்கும் முன் ஒன்று. முதல் வரிசையில் நான்கு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. விழாவுக்கு வராதவர்கள் யார் என்று நீங்கள் இந்நேரம் மனதுக்குள் பெயர் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உங்களை மதிக்காமல் வராமல் போகவில்லை. ஏன் வரவில்லை என்பதை இந்த மடலின் முடிவில் சொல்வோம். அதுவரை அந்த நாற்காலிகளில் யாரும் உட்கார வேண்டாம் என்று அரங்கில் உள்ளோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

அம்மையீர், நீங்கள் இங்கே பணியில் சேர்ந்தபோது இந்தப் பிரிவு என்பது ஒரு கட்டிலும் ஒரு மெழுகுத் தொட்டியும் மட்டுமே என்று ஓட்டுநர் சுப்புராயன் அண்ணன் சொல்கிறார். சங்கராபுரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வருவோர் பக்கவாதத்துக்கும் எலும்பு முறிவுக்கும் வருவார்கள். முழங்கால் வலிக்கு யாரும் வரமாட்டார்கள். உழைக்கிற உடம்பில் முட்டி வலிப்பது பசி எடுப்பதைப் போல ஓர் இயற்கை என்றே எல்லோரும் நினைத்தார்கள். வந்தவர்களோ, நடக்கவே முடியாமல், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வர, எலும்பும் எலும்பும் உரசும் நிலையில் வந்தார்கள். அவர்களை நடக்க வைத்தீர்கள். சிலரை நடக்க வைக்க முடியாமல் போனபோது, உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். பிறகு வெளியே வந்து அடுத்த நோயாளியை அதட்டத் தொடங்குவீர்கள். உங்கள் அதட்டல் இந்த மருத்துவமனை முழுவதும் கேட்கும். அதட்டு வாங்காதவர் இந்த அரங்கில் யாருமில்லை, மேடையில் இருப்பவர்களையும் சேர்த்து.

"சீக்கிரமா வந்திருக்கக் கூடாதா" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். சீக்கிரம் என்றால் எப்போது என்று சொல்லத்தான் அன்று யாரிடமும் வழி இல்லை.

அந்த வழி சென்ற ஐப்பசியில் வந்தது. இங்கே குடும்பத்தோடு வந்திருப்போருக்காகச் சொல்லுகிறோம். உயிருணரி என்பது உடலில் நடக்கும் சிறு மாற்றத்தை உணர்ந்து அதை எண்ணாகச் சொல்லும் கருவி. சென்னை ஆய்வு நிறுவனம் ஒன்று நமக்குத் தந்தது முழங்காலைச் சுற்றிக் கட்டும் பட்டை. எழும்போது மூட்டுக்குள் எழும் உரசல் ஒலியையும், தோலின் சூட்டையும், உள்ளே நீர் கோத்திருக்கும் அளவையும் அது உணரும். மூன்றையும் சேர்த்து நூறுக்குள் ஓர் எண் தரும். எண் ஏற ஏற மூட்டு சிரமத்தில் இருக்கிறது என்று பொருள். எலும்புப் படத்தில் தேய்மானம் தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த எண் ஏறத் தொடங்கும் என்பது அந்த நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு சரியா என்று பார்க்கவே நம்மிடம் தந்தார்கள். இதைப் பெற்றுத் தர அலைந்தவர் இதோ மேடையில் இருக்கும் நம் அறக்கட்டளைச் செயலர் ஐயா அவர்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை. பின்னால் சொல்லப்போவதை அந்த நன்றியோடு சேர்த்தே சொல்கிறோம்.

கார்த்திகையில் இதே கூடத்தில் முதல் முகாம் நடந்தது. கரும்பு வெட்டும் பருவத்துக்காக மலையிலிருந்து இறங்கி வந்திருந்த குழுக்களையும் சுற்றியுள்ள ஊர்களில் கூலி வேலை செய்யும் பெண்களையும் அழைத்திருந்தோம். அழைத்தது மருத்துவமனை. சொன்னது, புது மெஷின் வைத்து முட்டியைப் பார்ப்பார்கள் என்று. வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதை நாம் மறக்க முடியாது. முழங்கால் வரை மஞ்சள் தேய்த்துக் குளித்திருந்தார்கள். துவைத்த புடவை கட்டியிருந்தார்கள். பாதிப் பேர் விளக்கெண்ணெய் போட்டு நீவியிருந்தார்கள். பட்டையின் ஒட்டுமுனைகள் வழுக்கி வழுக்கி விழ, பஞ்சு வைத்துத் துடைத்துத் துடைத்து எங்கள் விரல்களிலும் எண்ணெய் ஊறியது.

எண்கள் எல்லாமே தாழ்வாக வந்தன. நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் மகிழ்ந்துபோனார். இந்தப் பகுதி மக்களின் மூட்டு மிகவும் ஆரோக்கியமாக இருக்கிறது என்று உங்களுக்குக் கைகொடுத்தார். நாங்களும் கைதட்டினோம். பதிவு செய்தவள் நான். ஒரே அளவில் வந்த எண்களைப் பார்த்து எனக்கும் ஏதோ உறுத்தியது. ஆனால் கருவியைவிட எனக்கு அதிகம் தெரியுமா என்று எண்ணி அப்படியே பதிந்துவிட்டேன்.

நீங்கள் கைதட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வாசல் படியில் தைலம்மாள் இறங்கிக்கொண்டிருந்தார். மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர், கரும்பு வெட்ட வந்தவர், முப்பத்து நான்கு வயது. சற்று முன்தான் அவர் முழங்கால் நன்றாக இருக்கிறது என்று பட்டை சொல்லியிருந்தது. அவரோ உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினார். நீங்கள் ஓடிப்போய் நிறுத்திக் கேட்டீர்கள். பக்கத்தில் நின்ற நம் பிரிவின் தேவிப்ரியா சொன்னதை வைத்து அந்தப் பதிலை எழுதுகிறோம்.

"நேத்தும் முந்தாநேத்தும் வேலைக்குப் போவல மேடம். பெரிய ஆஸ்பத்திரில முட்டியக் காட்டப் போறமே, நல்லாக் காட்டணும்னு ரெஸ்ட்டு குடுத்தேன். எண்ணெ போட்டு நீவிக்கினே இருந்தேன். இப்ப ஜாஸ்தி வலி இல்ல."

நீங்கள் சிரித்த சிரிப்பு கூடத்தின் உள்ளே வரை கேட்டது. "பொண்ணு பாக்க வரப்ப அலங்காரம் பண்ணி உக்கார வெப்பாங்களே, அந்த மாதிரி முட்டியக் கூட்டிக்கினு வந்திருக்காங்க எல்லாரும்" என்றீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. உள்ளே வந்து பொறியாளரிடம், எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள்: "இது குளிச்சிட்டு வந்த முட்டி தம்பி. எனக்கு வேல முடிச்ச முட்டி வேணும்."

கருவியின் கையேடு ஓய்விலுள்ள முழங்காலைத்தான் அளக்கச் சொல்கிறது என்றார் அவர். கையேடு எழுதியவர் கரும்பு வெட்டியிருக்க மாட்டார் என்றீர்கள்.

அன்றிலிருந்து பட்டைகள் மருத்துவமனையை விட்டு வெளியேறின. மார்கழியில் மலைக்குப் போனோம். கையேடு நாற்காலியிலிருந்து எழச் சொல்வதால், பேருந்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனோம். அதற்கும் டிக்கெட் போடலாமா என்று நடத்துநர் கேட்டார். தலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு பாதை இறங்கி வந்த இருசப்பன் என்ற பெரியவரை நிறுத்தி, நாற்காலியில் உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்களே, உங்கள் எதிரில் நாற்காலியில் உட்காருவது அவருக்கு மரியாதை இல்லை. நாற்காலியைத் துண்டால் துடைத்து உங்கள் பக்கம் நகர்த்தினார். நீங்கள் அவர் பக்கம் நகர்த்தினீர்கள். கொஞ்ச நேரம் நாற்காலி மட்டும் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் நீங்கள் தரையில் குந்தினீர்கள். உடனே அவரும் குந்தினார். பட்டையைக் கட்டினீர்கள். குந்திய நிலையிலிருந்து அவர் எழுந்தபோது முழங்காலுக்குள்ளிருந்து வந்த ஒலியைப் பட்டை பிடித்தது. ஆனால் திரையில் "செல்லாத அளவு" என்று வந்தது. அடுத்தவருக்கும் அப்படியே. மலை முழுவதும் செல்லாதவர்களாகிப் போனார்கள்.

மரத்தடியில் நின்று பொறியாளரை அழைத்தீர்கள். குந்தி எழுவதைக் கருவிக்குக் கற்பிக்கவில்லை என்றார். "அப்ப மெஷினுக்குச் சொல்லிக்குடுங்க தம்பி. சேருலேர்ந்து எழறது நம்ம பழக்கம். தரையிலேர்ந்து எழுந்து நிக்கிறதுதான் இவங்க பொழப்பு. அதுல செல்லாதது இன்னா இருக்கு" என்றீர்கள். அவர் நல்லவர். கற்பித்தார். மலையில் எடுத்த அளவுகள் பொங்கலுக்குள் செல்லுபடியாயின. நாற்காலியை மட்டும் சுப்புராயன் அண்ணன் திரும்பக் கொண்டுவர மறந்துவிட்டார். அது இன்றும் மலையில்தான் இருக்கிறது, யாரும் உட்காராமல்.

தை மாதம் வயலுக்குப் போனோம். உண்மையைச் சொன்னால், எங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கரும்புச் சோகை கையைக் கிழித்தது. மாலை வெட்டு முடிகிற நேரம்தான் கடைசிப் பேருந்து வருகிற நேரமும். வீட்டில் திட்டு வாங்கினோம். உங்களையும் உங்களுக்குத் தெரியாமல் திட்டினோம். நீங்கள் வரப்பில் குந்தி, வேர்வையும் மண்ணுமாக வந்த முழங்கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பட்டை கட்டிக்கொண்டிருந்தீர்கள். அங்கே எண்கள் வேறு மாதிரி வந்தன. கார்த்திகையில் தாழ்ந்து கிடந்த அதே பெண்களின் எண்கள் வயலில் ஏறி நின்றன.

குழுவின் மேஸ்திரி பச்சமுத்து அண்ணன் லாரியின் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தார். "கையில கட்ற வாட்ச்சக் கால்ல கட்றீங்களே மேடம், இவளுங்க மணி பாத்தா கரும்பு வெட்டப்போறாளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "வாங்க மேஸ்திரி, உங்களுக்கும் மணி பாத்துடலாம்" என்று அவரை அழைத்தீர்கள். கூட்டத்தின் முன் மறுக்க முடியாமல் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி எழுந்தார். அன்று வயலில் எடுத்த எண்களிலேயே உயர்ந்தது அவருடையது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். இப்போது அவர் அனுமதியோடுதான் சொல்கிறோம். "சொல்லிக்கோங்க, ஊருக்கே தெரிஞ்சிப்போச்சி" என்றார். அவரும் இன்று இந்த அரங்கில் இல்லை.

தைலம்மாளின் எண்ணும் மிகவும் உயர்ந்திருந்தது. அவரை அழைத்துவந்து எலும்புப் படம் எடுத்தோம். படத்தில் ஒன்றுமில்லை. படத்தில் ஒன்றுமில்லை என்பதால் நோயும் இல்லை என்றார்கள் சிலர். படத்தில் தெரியும்போது நான் கட்டிலில்தான் பார்ப்பேன், இப்போது வயலில் பார்க்கிறேன், அதுதான் வித்தியாசம் என்றீர்கள் நீங்கள்.

கரும்பு வேலையில் முழங்காலைக் கொல்வது வெட்டு அல்ல. வெட்டிய கரும்புக் கட்டைத் தலையில் வைத்து, சாய்த்துப் போட்ட பலகை வழியாக ஏறி, லாரியில் அடுக்குவதுதான். தைலம்மாளைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு வெட்டில் மட்டும் வைக்க வேண்டும், நாள்தோறும் தொடைக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய வேண்டும், மூன்று மாதம் கழித்து இதே போல வேலை முடிந்த நேரத்தில் திரும்ப அளக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னீர்கள். ஒருத்திக்கு இறக்கிவைத்தால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா என்று அவர் தயங்கினார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். இரண்டாம் அளவில் எண் இறங்கினால், அடுத்த பருவம் முதல் பலகை வேலையை எல்லோருக்கும் முறை வைத்து மாற்றிமாற்றித் தருவார். இறங்காவிட்டால் தைலம்மாள் பலகைக்கே திரும்ப வேண்டும், முட்டிப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

அந்த மூன்று மாதங்கள் தைலம்மாளுக்கு எப்படிப் போயின என்பதை நாம் அறிவோம். அவர் விட்ட சுமையை மற்றவர்கள்தான் சுமந்தார்கள். அவர்கள் பேசினார்கள். "பெல்ட்டுக்காரி வரா, பாத பூஜைக்குத் தண்ணி கொண்டாங்கடி" என்பது தினமும் காலையில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு. வரப்பில் கால் நீட்டி அவர் பயிற்சி செய்யும்போது பக்கத்திலேயே படுத்துக்கொண்டு கால்களை ஆட்டிக் காட்டினார்கள். "சிரிங்கடி. நம்பர் எறங்கினா உங்க தலையிலயுந்தான் கட்டு கொறையும்" என்பார் அவர். உங்களிடம் மட்டும் ஒருநாள் கேட்டார், எண் இறங்காவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேனா என்று. நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தெரியல தைலம்மா. அளந்தாத்தான் தெரியும். அளக்காம வுட மாட்டேன்" என்றீர்கள்.

இரண்டாம் அளவுக்கான வாரம் இது. வெட்டும் இந்த வாரத்தோடு முடிகிறது. முடிந்ததும் குழு கலைந்துவிடும். சிலர் மலைக்குத் திரும்புவார்கள், சிலர் வேறு மாவட்டத்துக்கு வேலைக்குப் போவார்கள். அதன்பின் வேலை முடித்த முழங்கால் என்று ஒன்று நமக்கு அடுத்த பருவம்வரை கிடைக்காது.

இந்த வாரத்தில்தான் ஆணையும் வந்தது. பட்டைகள் அனைத்தும் கள்ளக்குறிச்சி நகரில் உள்ள நம் கிளைக்கு, முழு உடல் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றப்படுகின்றன. அம்மையாரின் ஓய்வோடு வயல் பணி நிறைவடைகிறது. வயலில் எடுத்த அளவுகள் கையேட்டு முறைப்படி அமையாதவை. நாளை காலை பத்து மணிக்கு வண்டி வரும். இதுதான் ஆணை. வயல் பணி இனிதே நிறைவடைந்தது என்ற குறிப்பில் உங்களைக் கையொப்பமிடச் சொன்னதும், நீங்கள் பேனாவின் மூடியைக்கூடத் திறக்காமல் தாளைத் திருப்பி வைத்ததும் எங்களுக்குத் தெரியும். அன்று மாலை தேநீர் குடிக்கும்போது எங்களிடம் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "ரிட்டயர் ஆவுறது நானு. அந்த முட்டிங்களுக்கு யாரு ரிட்டயர்மெண்ட்டு குடுத்தது."

செயலர் ஐயா அவர்களே, தங்களுக்கும் சில சொற்கள். விழா மடலில் இது வழக்கமில்லை என்று அறிவோம். வழக்கத்தின்படி எழுதிய வரைவும் எங்களிடம் இருக்கிறது. அதை வாசித்தால் அம்மையாரை வாழ்த்தியதாகாது என்பதால் வாசிக்கவில்லை. நகரக் கிளைக்கு வருவோரின் முழங்கால்களும் முழங்கால்கள்தான், அவர்களுக்கும் நோய் முன்கூட்டித் தெரிய வேண்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் குளிரூட்டிய அறையில், காலையில் குளித்து, காரில் வந்து இறங்கும் முழங்காலை அளப்பதற்காக, கரும்புக் காட்டில் பாதி அளந்து நிற்கும் முழங்காலைக் கைவிடச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. மூன்று மாதம் ஒரு பெண் எங்கள் சொல்லை நம்பி ஏச்சு வாங்கியிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு விடை வராமல் பட்டையை அவிழ்க்க மாட்டோம்.

எங்களுக்கும் பயம் இருக்கிறது. எழுதும் எனக்கு நிறையவே இருக்கிறது. வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பத்தியை நான் எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். வேண்டாம் என்று மூத்தவர்களில் ஒருவராவது சொல்வார் என்று வாசித்துக் காட்டினேன். யாரும் சொல்லவில்லை. கலையரசி அக்கா, கடைசி வரியை இன்னும் கொஞ்சம் தெளிவாக எழுது என்றார். எழுதிவிட்டேன். அது இது: வெட்டு முடியும் நாள்வரை பட்டைகள் வயலில் இருக்கும், அது முடிந்த மறுநாள் நாங்களே துடைத்துப் பெட்டியில் வைத்து நகரக் கிளைக்கு எடுத்து வருவோம், அதற்கு முன் தர மாட்டோம்.

மேடையின் ஓரத்தில், பட்டைகளை ஒப்படைப்பதற்காக மாலை போட்டு வைத்திருக்கும் அந்த நீலப் பெட்டியை யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அது காலி. ஆணை நாளைக் காலையிலிருந்துதான். இன்றைய மாலை இன்னும் எங்களுடையது. காலியாக இருக்கும் நான்கு நாற்காலிகளுக்கு உரியவர்கள் சுப்புராயன் அண்ணன், தேவிப்ரியா, ஆய்வக நுட்புநர் இளஞ்செழியன், செவிலியர் தங்கமணி. மதியமே பட்டைகளோடு கிளம்பிப் போய்விட்டார்கள். அம்மையாருக்கு விடைகொடுக்க மாலை போட்டுக் கைகூப்பி நிற்பதைவிட, அவர் வழக்கமாகக் குந்தும் வரப்பில் போய்க் குந்துவதே மரியாதை என்று அவர்கள் சொன்னார்கள். பச்சமுத்து அண்ணனும் அங்கேதான் இருக்கிறார். மேடம் இல்லாமல் அளந்தால் அது அளவா என்று முதலில் கேட்டாராம். பிறகு, வெளிச்சம் மங்கினாலும் எல்லோரையும் அளந்து முடிக்கலாம் என்று லாரியை வரப்புப் பக்கம் திருப்பி முன்விளக்கைப் போடச் சொல்லியிருக்கிறாராம்.

அம்மையீர், இனி உங்களுக்கு வாழ்த்து. நீண்ட ஆயுள், நிறைந்த நலம், நீங்காத புகழ் என்று எழுதுவது முறை. ஆயுளும் நலமும் வேண்டுகிறோம். ஓய்வை மட்டும் வாழ்த்த மாட்டோம். உங்கள் சொந்த முழங்காலை ஒருநாள்கூட எங்களை அளக்க விட்டதில்லை. மாடிப்படியில் நீங்கள் கைப்பிடியை எப்போதிலிருந்து பிடிக்கத் தொடங்கினீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். கேட்டபோதெல்லாம், வேலை முடியட்டும் என்றீர்கள். வேலை முடித்த முழங்காலைத்தான் அளக்க வேண்டும் என்பது நீங்கள் வகுத்த விதி. இன்று உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று அலுவலகம் சொல்கிறது. அப்படியானால் முழங்காலைக் காட்டுங்கள். வேலை இன்னும் முடியவில்லை என்றால், நாளை மாலை நான்கு மணிக்கு மருத்துவமனை வாசலில் சுப்புராயன் அண்ணனின் வண்டி நிற்கும். முன் இருக்கை எப்போதும் போல உங்களுக்கு. குளிக்காமல் வாருங்கள்.

இந்த மடலை வாசித்து முடித்ததும் சட்டமிட்டு உங்களிடம் தருவதாக இருந்தோம். சட்டம் தயாராக இருக்கிறது. கண்ணாடி இன்னும் போடவில்லை. கையொப்பங்களுக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். வயலிலிருந்து தேவிப்ரியா போனில் சொல்லும் எண்ணை அங்கே எழுதுவோம். அது இறங்கியிருக்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை உண்டு, உறுதி இல்லை. ஏறியிருக்கலாம். அசையாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதையே, உங்கள் கண் முன்னால், அழியாத மையில் எழுதுவோம். எழுதிய பிறகே கண்ணாடி.

விளக்கம் கேட்டு மெமோ எழுத வேண்டியிருந்தால் யாரையும் தேடி அலைய வேண்டாம். எல்லோரும் முழுப் பெயரில் கையொப்பமிட்டிருக்கிறோம்.

தங்கள் அதட்டலுக்கு என்றும் கட்டுப்பட்டு, மற்றவற்றுக்கு யோசித்துக் கட்டுப்படும்,

கலையரசி, செவிலியர்
பூமாலை, மருந்தாளுநர்
அய்யப்பன், எக்ஸ்ரே பிரிவு
ஷாலினி, கருவிப் பதிவு

மதியம் வயலுக்குக் கிளம்புமுன் கையொப்பமிட்டவர்கள்:
சுப்புராயன், தேவிப்ரியா, இளஞ்செழியன், தங்கமணி

தைலம்மாள், வலது முழங்கால், வேலை முடிந்த பின்
தை மாதம்: 71
சித்திரை மாதம்: ..........